கேள்விக்கும் பல்லுப் பாக்கோணும்

வா சாமி, உக்காரு. நடுக்கட்டல்ல உக்காராத, கவுறு தொங்கிப் போயிக் கெடக்குது, ஓரமா உக்காரு. பெங்களூருல இருந்து வந்து மூணு நாளாச்சு. வேப்பமரத்தடியில மல்லாந்து படுத்துக்கிட்டு, மேல எதையோ தொலைச்சவனாட்டப் பாத்துக்கிட்டே கெடக்கற. உங்கம்மா போன்ல, "அப்பா, பையன் ஒரு தினுசா இருக்கறான், என்னன்னு கேளுங்க"ங்கறா. நானும் பொண்ணு விசயமாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். அதுன்னா ரோசனை சொல்லலாம், அனுபவம் இல்லாட்டியும் சொல்லலாம். நீ என்னடான்னா நேத்துப் பொழுதோட, எருமைக்குத் தண்ணி காட்டீட்டு வந்தவன நிறுத்தி, "அப்புச்சி, வாழ்க்கைக்கு என்னதான் அர்த்தம்?"னு கேட்டுப்போட்ட. எருமை கூட ஒருக்காத் திரும்பிப் பாத்துச்சு.

கேக்கறது தப்பில்ல கண்ணு. நானும் கேட்டவன்தான். மூணாவது போர் 900 அடி போயும் தண்ணி காட்டாம வெறும் புழுதியாக் கக்குச்சே, அன்னைக்கு வெடியக்காலம் நாலு மணிக்கு அந்த லாரிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இதே கேள்வியத்தான் கேட்டேன். போர்வண்டிக்காரன் கிட்ட வந்து, "இன்னொரு நூறடி உடலாமுங்களா?"ன்னான். அவனுக்கு அடிக்கு இத்தனைன்னு காசு. அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன், அர்த்தம் தேடறவன் எங்க நின்னாலும் பக்கத்துல அடிக்கணக்குல காசு வாங்கறவன் ஒருத்தன் நிப்பான். நீ போன மாசம் ஏதோ தியான முகாமுக்குப் போயி எத்தனை கட்டுனன்னு உங்கம்மா சொன்னா. மூணு நாளு பேசாம இருக்கறதுக்கு அத்தனை ரூபாயா? உங்கமுச்சி எம்மேல கோவிச்சுக்கிட்டு ஒரு மாசம் பேசாம இருப்பா, ஒரு பைசா வாங்குனதில்ல.

சித்திரையில கண்ணபுரம் மாரியாத்தா நோம்பிக்கு மாட்டுச் சந்தை கூடும். சின்னப்பையனா இருக்கறப்ப உன்னயத் தோள்ல வெச்சுக் கூட்டிப் போயிருக்கறேன். நீ மாட்டப் பாக்காம பஞ்சுமிட்டாய்க்கு அழுத. அங்க மாடு புடிக்கறவன் மொதல்ல என்ன பாப்பான்? சுழி பாப்பான், நடை பாப்பான், எல்லாத்துக்கும் முன்னால கீழ்வாயத் தொறந்து பல்லுப் பாப்பான். பால்பல்லு விழுந்து ரெண்டு ரெண்டா மொளைக்கும். ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு, எட்டும் போட்டுருச்சுன்னா முழு மாடு. வெலைய வாயில சொல்ல மாட்டாங்க. துண்டப் போட்டு மூடிக்கிட்டு, அதுக்குள்ள வெரலப் புடிச்சுத்தான் பேச்சு. பக்கத்துல நிக்கறவனுக்குத் துண்டு ஆடறது மட்டுந்தான் தெரியும்.

கேள்விக்கும் அப்படித்தான் பல்லுப் பாக்கோணும் சாமி. இந்தப் பக்கம் பதில் போனா ஒருத்தனுக்கு நட்டம், அந்தப் பக்கம் போனா இன்னொருத்தனுக்கு நட்டம். அப்படி இருந்தாத்தான் அது பல்லுப் போட்ட கேள்வி. வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்னு நீ கேட்டயே, அதுக்கு அர்த்தம் இருக்குதுன்னு சொன்னாலும் நாளைக்குக் காத்தால எருமை கறக்கோணும், இல்லைன்னாலும் கறக்கோணும். உன்ற கேள்விக்கு இன்னும் பால்பல்லே விழுகல. மேய உட்டு வெப்பம்.

ஆனா ஒண்ணு, ராத்திரி நீ சொன்ன கதைக நல்லாருந்துச்சு. அந்தக் கிரேக்கத்து ஆளு பேரென்ன, தேலீசா? 2600 வருசத்துக்கு முந்தி. நட்சத்திரத்தையே பாத்துக்கிட்டு நடந்து கெணத்துல விழுந்துட்டானாமா, வேலைக்காரப் புள்ள பாத்துச் சிரிச்சாளாமா. சிரிக்காம? நம்மூருல இருந்திருந்தா அந்தக் கெணத்துக்குக் கைப்புடிச் செவுரு கட்டாதவன் ஆருன்னு பஞ்சாயத்து வெச்சிருப்பம். அப்பறம் ஒண்ணு சொன்ன பாரு, அங்கதான் எனக்கு அவம்மேல மருவாதி வந்துச்சு. "படிச்சு என்னத்தக் கண்ட, பஞ்சத்துல கெடக்கற"ன்னு ஊரு ஏசுனதுக்கு, அடுத்த வருசம் ஆலிவ் நல்லாக் காய்க்கும்னு கண்டுக்கிட்டு, மழைக்காலத்துலயே சுத்துவட்டாரத்துச் செக்கு முச்சூடுக்கும் சல்லிசா முன்பணம் குடுத்துப் புடிச்சுப்போட்டு, காய் வந்தப்ப சொன்ன வாடகைக்கு உட்டானாமா. அவன் காங்கயத்துல பொறந்திருந்தா, இன்னைக்குத் தேங்காப் பருப்புக் களத்துல பாதி அவம்படதா இருந்திருக்கும். கெணத்துல விழுந்தது கூட எனக்குச் சந்தேகந்தான். தண்ணி எத்தனை அடியில கெடக்குதுன்னு பாக்க எறங்கியிருப்பான்.

கழுதைக் கதைதான் சகிக்கல. ரெண்டு பக்கமும் ஒரே அளவு தீவனம் வெச்சா எதைத் திங்கறதுன்னு தெரியாமப் பட்டினி கெடந்து சாகுமாமா. எந்தக் கழுதை? அதை எழுதுனவன் கழுதையத் திண்ணையில இருந்துதான் பாத்திருப்பான், கட்டுத்தரையில நின்னு பாத்திருக்க மாட்டான். பூரிதான்னு ஒரு பிரெஞ்சுக்காரரு பேருல அது ஓடுது, ஆனா அவரு எழுதுனதுல அந்தக் கழுதையே இல்லைன்னயே, அதை நம்பறேன். செத்த கழுதைய ராத்திரியோட ராத்திரியா அடுத்தவன் காட்டுல இழுத்துப் போட்டுட்டுப் போறது எல்லா ஊருலயும் இருக்கறதுதான்.

சரி, அடுத்ததுக்கு வா. "நான் ஆரு?"ன்னு கேட்ட. அதைக் கேட்டு முடிச்ச ஒரு மகான் நம்ம பக்கத்துலயே இருந்தாரு. திருச்சுழியில பொறந்து, 1896ல பதினாறு வயசுல திருவண்ணாமலைக்கு வந்த ரமணரு. அவரு பேசாம இருந்த காலத்துல, 1902 வாக்குல, ஒருத்தரு போயி அந்தக் கேள்வியக் கேட்டாரு, இவரு எழுதிக் காட்டுனாரு, அதுதான் பொறவு பொஸ்தகமாச்சு. கேட்டவரு ஆரு தெரியுமா? சிவப்பிரகாசம் பிள்ளை. ரெவின்யூ டிப்பார்ட்டுமெண்டு! வேற ஆரு கேப்பாங்க? நம்மள நிக்க வெச்சு நீ ஆரு, ஆதாரம் என்ன, வாரிசுச் சான்று எங்கன்னு கேட்டுக் கேட்டு, பாவம் ஒருநாள் தன்னையே கேட்டுப்போட்டாரு.

எனக்கும் அந்த ஞானம் கெடைச்சுது. பட்டாவுல பழனிச்சாமி, ரேசன் கார்டுல பழனிசாமி, ஆதாருல பழனியப்பன். இன்ஷியலு மூணுலயும் மூணு. மூணு பேரும் ஒரே ஆளுதான்னு ஒரு ஆபீசுல எழுதிக் கேட்டாங்க. நானே நேருல நிக்கறனே சாமின்னேன். நீங்க நின்னாப் பத்தாது, 20 ரூபாப் பத்திரத்துல நோட்டரி கையெழுத்தோட வாங்கன்னாங்க. அவரு மலையில உக்காந்து கண்டுக்கிட்டத நான் டைப் அடிக்கற கடையில முக்கா மணி நேரத்துல வாங்கிட்டு வந்தேன். பீரோவுல இருக்குது, நான் நாந்தான்னு சீல் போட்டு.

கிண்டல் இல்ல, அந்த ரமணாசிரமத்துக்குப் போயிருக்கறேன். எல்லாரும் சமாதி மண்டபத்துல கண்ண மூடி உக்காந்திருந்தாங்க. நான் பின்னால போயி லட்சுமிப் பசுவுக்குக் கட்டுன சமாதியப் பாத்துட்டு நின்னேன். 1948ல அது சாகறப்ப அவரு பக்கத்துல உக்காந்து தலையத் தொட்டுக்கிட்டு இருந்தாராமா. அடுப்பங்கரையில காய் அரிவாராமா. மாட்டுக்கிட்ட உக்காரத் தெரிஞ்ச ஆளு சொன்னா நான் கேட்டுக்குவேன்.

உன்ற கப்பல் கதைக்கு வாரேன். ஏதென்சுக்காரங்க தெசியூசு ராசாவோட கப்பலப் பத்திரமா வெச்சிருந்தாங்க, பலகை உளுக்க உளுக்கப் புதுப் பலகை போட்டாங்க, கடைசியில எல்லாமே புதுசு. அது பழைய கப்பலா இல்லையான்னு படிச்சவங்கெல்லாம் அடிச்சுக்கிட்டாங்கன்னு சொன்ன. நான் சிரிச்சேன், நீ கோவிச்சுக்கிட்ட. ஏஞ் சிரிச்சேன்னு இப்பச் சொல்றேன்.

எங்கய்யன் வெச்சிருந்த மாட்டுவண்டி உனக்குத் தெரியாது. நீ பொறக்கறதுக்கு முந்தியே போயிருச்சு. எங்கய்யன் செத்தப்பறம் நாந்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். ஒரு வருசம் வட்டை மாத்துனேன், ஒரு வருசம் ஆரக்காலு. அப்பறம் இருசு முறிஞ்சு போச்சு, அதையும் மாத்துனேன். நொகத்தடி, அடிப்பலகை, கடையாணி, ஒவ்வொண்ணா எல்லாமே மாறிப்போச்சு. எங்கண்ணன், உனக்குப் பெரியப்புச்சி, கழட்டிப் போட்டதையெல்லாம் ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போயி அட்டாலியில அடுக்கி வெச்சிருக்கறான். எனக்குத் தெரியாது. வெறகுக்குன்னு நெனச்சேன். பாகம் பிரிக்கற அன்னைக்குச் சபையில எந்திரிச்சுச் சொல்றான்: "ஐயன் வண்டி எங்கிட்ட இருக்குது. இவன் ஓட்டறது இவன் காசுல செஞ்ச புது வண்டி. அதுக்கு நான் பங்கு கேக்கல. ஐயன் வண்டியில இவனுக்குப் பங்கு இல்ல." சொல்லிப்போட்டு அட்டாலியில இருந்து ஒவ்வொரு கட்டையா எறக்கி வாசல்ல பூட்டறான் பாரு, ஊரே வாயத் தொறந்துக்கிட்டு நின்னுச்சு. வண்டிதான்! ஓட்டையும் ஒடைசலுமா, எங்கய்யன் வண்டியேதான்.

இதைக் கேட்டதும் நீ நிமுந்து உக்காந்து, "அப்புச்சி, இதையே ஹாப்ஸ்னு ஒரு இங்கிலீசுக்காரரு 1655ல வந்த பொஸ்தகத்துல கேட்டிருக்காரு. கழட்டுன பலகைய ஒருத்தன் சேத்து வெச்சு இன்னொரு கப்பல் கட்டுனா எது நெசக் கப்பல்னு"ங்கற. அவருக்கும் ஒரு பங்காளி இருந்திருப்பான் கண்ணு. பங்காளி இல்லாதவனுக்கு அந்தக் கேள்வி வராது.

என்ன தீர்ப்பாச்சுன்னு கேக்கற. ஊர்க் கவுண்டரு வெத்தலையத் துப்பீட்டு, "ரெண்டு வண்டியிலயும் மாட்டக் கட்டுங்க. உருண்டா வண்டி, உருளாட்டி வெறகு"ன்னுட்டாரு. அவம்படது நாலு அடி போயிப் பொலபொலன்னு உக்காந்துக்கிச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அவன் சிரிக்கல. குனிஞ்சு ஒரு கடையாணிய மட்டும் எடுத்து மடியில வெச்சுக்கிட்டுப் போயிட்டான். பதினோரு வருசம் பேசல. அவன் செத்த மூணாம் நாளு அவன் பையன் அந்தக் கடையாணியக் கொண்டாந்து, "ஐயன் உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாருங்"ன்னான். அதா, அந்தச் செவுத்து ஆணியில தொங்குதே, நீ காத்தால பல் வெளக்கறப்ப என்னப்புச்சி இதுன்னு கேட்டயே. இப்ப அதை மாட்டறதுக்கு வண்டி கெடையாது, டிராக்டருக்குச் சேராது. தீர்ப்புச் சரிதான். ஆனா இப்ப நெனச்சா, ஐயன் கை பட்ட கட்டை அவங்கிட்டத்தான் இருந்துச்சு. எதுக்கு ஐயன் வண்டின்னு பேருன்னு என்னயக் கேட்டா, இன்னைக்கு வேற மாதிரி சொல்லுவேன். சொல்லி என்னாகுது.

தண்ணி குடி. மோரு வேணுமா? ஊறுகா போசி அடுப்புக்கு அக்கட்டால இருக்குது.

அந்தக் கிரேக்கத்துலயே ஒரு நாடகக்காரன், எபிகார்மசுன்னு சொன்ன, அவன் கதைதான் எல்லாத்துலயும் ஒசத்தி. கடன் வாங்குனவன் சொல்றானாமா, மனுசன் நாளுக்கு நாள் மாறிக்கிட்டே இருக்கறான், வாங்குனவன் வேற, இப்ப நிக்கற நான் வேற, அதனால தர வேண்டியதில்லைன்னு. கடங்குடுத்தவன் உட்டான் ஒரு அறை. அடிச்சயேன்னு கேட்டதுக்கு, அடிச்சவன் வேற, இப்ப நிக்கற நான் வேறன்னானாமா! 2500 வருசத்துக்கு முந்தியே இதைக் கண்டுக்கிட்டானுக பாரு. நம்ம காங்கயங் கண்ணுக்குட்டி பொறக்கறப்ப செவலையா இருக்கும், ஆறு மாசத்துல மயிலையாத் திரும்பிக்கும். வேற கண்ணுன்னு சொல்லித் தாய்ப்பசு மடிய மறைக்குமா? நிறம் மாறுனதக் கண்டுக்காம நக்கிக் குடுக்கும். பசுவுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாமப் போச்சேன்னு சொல்ல வரல, பசு கடங்குடுக்கறதில்ல.

கடைசிக் கேள்வி, சாவு. அதை நீ கேக்கறப்ப எம்மூஞ்சியப் பாக்கல, கட்டல் கவுத்தப் பாத்துக்கிட்டுக் கேட்ட. எனக்கு வயசாச்சுன்னு கூச்சம். கூச்சப்படாத. எப்பிக்கூரசுன்னு ஒருத்தரு, தோட்டத்துல உக்காந்து பாடஞ் சொன்னவரு, தோட்டம்னதும் கெணறு இருந்துச்சான்னு நான் கேட்டேன், உனக்குத் தெரியல. அவரு சொன்னாராமா, நாம இருக்கற வரைக்கும் சாவு இல்ல, சாவு வந்தப்ப நாம இல்ல, அப்பறம் என்ன பயம்னு. கணக்குச் சரி. செத்தவளுக்குச் சரி. அவ போன மக்யா நாளு காத்தால அடுப்பங்கரையில போயி, சக்கரை டப்பா எதுன்னு தெரியாம ஒவ்வொரு டப்பாவா மோந்து பாத்துக்கிட்டு நின்னவன் ஒருத்தன் இருக்கறானே, அவனுக்கு அந்தத் தோட்டக்காரரு என்ன சொன்னாரு? ஒண்ணுஞ் சொல்லலியாட்ட. நானும் கேக்கல.

உங்கமுச்சி கடைசி வாரத்துல சாமி, மோட்சம், கீட்சம் எதையும் பேசல. வெதைக் கல்லக்கா காஞ்சுதான்னு கேட்டா. சீரகப் போசிக்கு அடியில சிலுவாட்டுப் பணம் இருக்குது, அதுல பாலுக்காரிக்கு நூத்தியெம்பது தரோணும்னா. அப்பறம் இன்னொரு பாக்கியச் சொன்னா. அதுக்கு வாரேன்.

அந்த சாக்ரடீசு கதைய நீ ராத்திரி சொன்னப்ப நான் தூங்கீட்டேன்னு நெனச்ச. தூங்கல. கல்தச்சன் பையன், ஆத்தா பேறுகாலம் பாக்கறவ, நல்ல குடியானவன் வீட்டுப் பொழப்பு. எழுவது வயசுல, கிறிஸ்து பொறக்கறதுக்கு 399 வருசத்துக்கு முந்தி, வெசத்தக் குடிச்சுப்போட்டு, காலு மரத்துப் போயி, மூடுன துணிய விலக்கிக் கூட்டாளி கிரிட்டோகிட்டக் கடைசியா ஒண்ணு சொன்னாரு. அஸ்கிலேப்பியசுன்னு வைத்தியச் சாமி, அதுக்கு ஒரு சேவல் பாக்கி இருக்குது, மறக்காமக் குடுத்துருன்னு. அதுக்கு என்ன அர்த்தம்னு இன்னைக்கு வரைக்கும் படிச்சவங்க பேசறாங்கன்ன. இதுல பேசறதுக்கு என்ன இருக்குது? சேவல் பாக்கின்னா சேவல் பாக்கி. அந்த எடத்துல எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, அதனாலதான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அத்தனை பேரு கேள்வியையும் கேட்டுக் கொடைஞ்ச மனுசன், போறப்ப ஒரு சேவலுக்குக் கணக்கு வெச்சுக்கிட்டுப் போறான். அவனுக்கு நம்மூருல சொந்தக்காரன் இருந்திருக்கோணும்.

இப்பச் சொல்றேன் கேளு. உனக்கு ஆறு வயசுல மஞ்சக்காமாலை. கண்ணு ரெண்டும் மஞ்சக் கெழங்காட்ட. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தம், ஆசுபத்திரியிலயும் கெடந்த. உங்கமுச்சி ஒருநாள் ராத்திரி எனக்குங்கூடத் தெரியாம நம்ம கருப்பராயன் கோயில் வாசல்ல போயி நின்னு, பையன் எந்திரிச்சா ஒரு கெடா வெட்டறேன்னு நேந்துக்கிட்டா. நீ எந்திரிச்ச. அப்பறம் ஒரு வருசம் மழை இல்ல, ஒரு வருசம் உங்க மாமன் கலியாணம், ஒரு வருசம் கோயில் வேலை, அப்பறங் கொரோனா. தள்ளித் தள்ளிப் போயிருச்சு. கடைசியா எங்கையப் புடிச்சுச் சொன்னது அந்தக் கெடாவத்தான்.

இப்ப எடு உன்ற பொஸ்தகத்த. இந்தக் கடன் ஆருது? நேந்தவ போயிட்டா. நான் நேரவும் இல்ல, எனக்குக் காமாலையும் வரல. நீ படுத்துக் கெடந்த, ஆனா உனக்கு நேந்ததே தெரியாது. அந்த ஆறு வயசுப் பையன் வேற, இன்னைக்குப் பெங்களூருல கம்ப்யூட்டரு தட்டறவன் வேறன்னு நீ எபிகார்மசு மாதிரி ஆரம்பிச்சீன்னா, இந்தா, எருமைக்குச்சி கிட்டத்துலதான் கெடக்குது. அடிச்சவன் வேறன்னு நானும் சொல்லுவேன்.

சாமி மேல நம்பிக்கை இல்லைங்கறயா? நீ நம்பறயா இல்லையாங்கறது கருப்பராயனுக்கு எதுக்கு? பேங்குல லோன் வாங்கறப்ப மேனேஜர நம்பறயான்னா கேக்கறாங்க? கறி திங்கறதில்ல, வீகன் ஆயிட்டேங்கறயா? ரொம்ப நல்லதாப் போச்சு. நீ திங்க வேண்டாம், ஒரு பங்கு மிச்சம். தின்னறதுக்கு ஒறம்பரைக இருக்குது. உசுரக் கொல்லக் கூடாதுங்கறயா? அது ஞாயமான பேச்சு. அதுக்குப் பல்லு இருக்குது, ஒத்துக்கறேன். அப்படின்னா கெடா வெலையக் கோயிலுக்குச் சோறாக்கிப் போடலாமான்னு பூசாரியக் கேப்பம். அமுச்சி சொன்னது கெடா, நீ குடுக்கறது சோறு, கடன் தீந்துச்சா தீரலையான்னு ராத்திரி முச்சூடும் பேசலாம், எனக்குந்தான் தூக்கம் வரதில்ல. எதுவா இருந்தாலும் பணம் உன்றது.

கன்னிவாடிச் சந்தைக்கு ஆள அனுப்பி வெலை கேட்டுட்டேன். ஏன் முழிக்கற? நேத்து வாழ்க்கைக்கு அர்த்தங் கேட்டப்பவே போன் பண்ணீட்டேன். இந்தா, இந்தத் துண்டுக்குள்ள கைய உடு. வெரலப் புடிக்கறேன், எத்தனைன்னு பாத்துக்க. இது ஆயிரம் இல்ல கண்ணு, இது பத்தாயிரம். இந்த வெரலு அதுக்கு மேல. உதறாத. சத்தமாச் சொல்லாத, இட்டேறியில உங்க மாமன் வாரான். அவன் காதுல உழுந்தா நானும் பாதி போடறேம்பான், அப்பறம் கெடாவுல எந்தப் பாதி ஆருதுன்னு அது வேற பஞ்சாயத்து.